மேகத்துக்குள் 178 விநாடி

தஞ்சோங் பகார் எம்ஆர்டி நிலையத்தின் தலைமேல் நிற்கும் குவோக்கோ டவரின் உயரம் 290 மீட்டர். மழை பிடித்த பிற்பகலில் அதன் உச்சி மேகத்துக்குள் மறைந்துவிடும். கீழே சாலையைக் கடப்பவர்களுக்கு அது குடை விரிக்கும் நேரம், அவ்வளவுதான். சிறு விமானம் ஓட்டுபவருக்குக் கணக்கு வேறு. மேகத் தளம் 450 மீட்டருக்குக் கீழே இறங்கினாலோ, 5 கிலோமீட்டர் தூரம் கண்ணுக்குத் தெளியாவிட்டாலோ, கண்ணை நம்பிப் பறக்கும் விமானம் விமான நிலையக் கட்டுப்பாட்டு எல்லைக்குள் சிறப்பு அனுமதியின்றி ஏறவோ இறங்கவோ கூடாது என்பது அனைத்துலக விதி.

கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் எடுத்துவிட்டால் இந்தக் கவலை தீருமா என்று வார இறுதியில் பறக்கும் நண்பர்கள் கேட்கிறார்கள். தீராது. பயிற்சியை விடாமல் தொடரப்போகிறவர் எடுக்கட்டும். வாங்கி அலமாரியில் வைக்கப்போகிறவர் எடுக்காமலிருப்பதே நல்லது.

காரணம் காதில் இருக்கிறது. அலுவலகச் சுழல்நாற்காலியில் கண்ணை இறுக மூடி உட்காருங்கள். யாராவது ஒரே சீராக, மெதுவாகச் சுற்றட்டும். அரை நிமிடத்துக்குள் நாற்காலி நின்றுவிட்டது போலிருக்கும். நிஜமாகவே நிறுத்தினால் எதிர்ப்பக்கம் சுழல்வதாக உடம்பு சத்தியம் செய்யும். உள்காதின் குழல்களில் இருக்கும் திரவமும் சேர்ந்து சுழலத் தொடங்கிவிடுவதால் வரும் மயக்கம் இது. மேகத்துக்குள் விமானம் மெல்லச் சாயும்போதும் இதுவே நடக்கிறது. நேராகப் போவதாகவே விமானி நம்புகிறார். உயரம் குறைவது கண்டு மூக்கைத் தூக்கக் கட்டுப்பாட்டுத் தடியை இழுக்கிறார். சாய்ந்த விமானத்தில் அந்த இழுப்பு சுழலை இன்னும் இறுக்கும்.

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி பெறாத 20 பேரை வெளிப்பார்வையை மறைத்துப் பறக்கச் சொன்னார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடியில்.

அப்படியானால் ரேட்டிங் வேண்டும்தானே என்று தோன்றும். ஆனால் பயிற்சி மட்டும் காக்காது. அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சியில் ஏறக்குறைய பாதியை முடித்தவர். 1999 ஜூலை 16 இரவு, புகைமூட்டம் படர்ந்த கடலின் மேல் திசைப்புலன் தடுமாறி விழுந்தார். மனைவியும் மைத்துனியும் உடனிருந்தார்கள். அந்த விமானத்தில் ஆட்டோபைலட்டும் இருந்தது. நம் பக்கத்தில் 2021 டிசம்பர் 8: சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய இந்திய விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து, ஜெனரல் பிபின் ராவத் உட்பட அதிலிருந்த 14 பேரும் இறந்தார்கள். வானிலை திடீரென மாறி மேகத்துக்குள் நுழைந்ததும் விமானிக்குத் திசைப்புலன் தடுமாறியதாக விசாரணை சொன்னது. ஓட்டியவர்கள் அன்றாடம் பறக்கும் தொழில்முறை வீரர்கள். மாதம் இரண்டு மணி நேரம் பறப்பவர் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

அமெரிக்க விதிப்படி ரேட்டிங் உள்ளவரும் ஆறு மாதத்துக்குள் கருவிவழி இறங்குமுறையை ஆறு முறை செய்திருந்தால்தான் மேகத்துக்குள் போகலாம். அதுவே குறைந்தபட்சம்.

இந்த வட்டாரத்தின் மேகங்களுக்கு வேறு குணம். புகைமூட்டத்தில் ரேட்டிங் உதவும், மறுக்கவில்லை. ஆனால் நம் பெரும் எதிரி இடிமேகம். அதற்குள் புகுந்து மீள வானிலை ரேடாரற்ற ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு எந்த உரிமமும் துணையாகாது. இறங்குமிடத்திலும் வசதி வேண்டும். சிலேத்தார் விமான நிலையத்துக்கான ஐஎல்எஸ் என்ற கருவிவழி இறங்குமுறையை, மலேசியாவுடனான பாசிர் கூடாங் வான்வெளித் தகராற்றுக்குப் பின் 2019 ஏப்ரலில் சிங்கப்பூர் மீட்டுக்கொண்டது. மாற்றாக ஜிபிஎஸ் வழி முறை பேசி முடிவாயிற்று.

ரேட்டிங் எடுக்காதவரும் ஒன்றை மட்டும் விடக்கூடாது. பயிற்றுநரை அருகில் வைத்து, முகமறைப்பு மாட்டி, கருவிகளை மட்டும் பார்த்து 180 டிகிரி திரும்பி வந்த வழியே வெளியேறப் பழகுங்கள். இல்லினாய் ஆய்வு சொல்லிக்கொடுக்க முயன்றதும் இதைத்தான். சில மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் செய்யுங்கள். விடியற்காலையில் மேற்கே வானம் கறுத்தால், அது சுமத்ரா சூறையாக இருக்கலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும். விமானத்தைக் கயிற்றால் கட்டிவிட்டுக் காத்திருங்கள்.