இலவசம்தான்... விரலுக்கு யார் கூலி தருவது?

வீட்டில் இருந்தபடியே தமிழ் டைப் அடித்துக் கொடுத்து நாலு காசு பார்க்கும் சகோதரிகள் பலர் இந்தப் பக்கத்தைப் படிப்பீர்கள். "பழைய கம்ப்யூட்டர்தானே, லினக்ஸ் போட்டுக்குங்க, எல்லாம் ஃப்ரீ" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், சரி என்று தலையாட்டுவதற்கு முன் இதைப் படித்து விடுங்கள்.

நான் பத்தாவது வரை படித்தவள். இன்ஸ்டிடியூட்டில் 'யளனகபக' என்று தட்டித் தட்டித் தமிழ் லோயர் பாஸ் செய்தேன். எட்டு வருடமாக மனு, வாடகை ஒப்பந்தம், பள்ளிக்கூட வினாத்தாள், கல்யாணப் பத்திரிகை என்று வீட்டிலேயே அடித்துத் தருகிறேன். பக்கத்துக்கு 30 ரூபாய். மாதம் 5,000 வரை வரும். மகளின் டியூஷன் ஃபீஸும், குழுக் கடன் தவணையும் அதில்தான்.

2015-ல் வந்த வின்டோஸ் 10-க்கு, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்று விட்டது. அடுத்த வின்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 என்று ஒன்று வேண்டுமாம், பிராசசரும் புதியதாக இருக்க வேண்டுமாம். என்னுடையதோ செகண்ட் ஹாண்டில் வாங்கிய 2014 மாடல். புதிது வாங்க முப்பது, நாற்பதாயிரத்துக்கு எங்கே போவது?

ரிப்பேர் பார்க்க வரும் தம்பிதான் லினக்ஸ் யோசனை சொன்னார். "2011-ல இருந்து கவர்ன்மென்ட் கொடுத்த லேப்டாப்லயே பாஸ் லினக்ஸ் இருந்துச்சேக்கா" என்றார். இருந்தது. என் சொந்தத் தம்பிக்கு வந்த லேப்டாப்பிலும் இருந்தது. அவன் ஒரு நாளாவது அதைத் திறந்து பார்த்தானா என்பது வேறு விஷயம்!

ஒன்றில் மட்டும் நான் கறாராக இருந்தேன். "பழைய ஹார்டு டிஸ்க்கை அழிக்கக் கூடாது தம்பி, புதுசா ஒரு சின்ன டிஸ்க் வாங்கி அதுல போடுங்க" என்றேன். ஃபைல்களைப் பென் டிரைவிலும் எடுத்து வைத்தேன். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. கம்ப்யூட்டர் பறந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், முன்பெல்லாம் அது விழித்துக் கொள்வதற்குள் நான் உலை வைத்து விட்டு வந்து விடுவேன்.

அவர் காபி குடித்துப் போன பிறகு ஒரு வாடகை ஒப்பந்தத்தைத் திறந்தேன். தமிழே இல்லை! தலையில் கோடும் புள்ளியும் போட்ட ஏதோ வெளிநாட்டு எழுத்துக்கள் பக்கம் முழுக்க. நாங்கள் காலம் காலமாக அடித்து வந்த தமிழ் ஃபான்ட்டுகளின் குட்டு இதுதான். உள்ளே இருப்பது தமிழ் இல்லை. ஆங்கில, ஐரோப்பிய எழுத்துக்களின் எண்களுக்குத் தமிழ் உருவத்தை மாட்டி விட்டிருக்கிறார்கள். ஃபான்ட் இருக்கிற வரை தமிழ், இல்லாவிட்டால் குப்பை. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக் கொண்டது. ஆனால் எங்கள் ஊர் அச்சகங்களில் இன்றைக்கும் பழைய ஃபான்ட்தான் கேட்கிறார்கள். நாம் என்ன செய்ய?

ஃபான்ட்டைக் காப்பி செய்து போட்டதும் எழுத்து திரும்பி வந்தது. ஆனால் திருத்த முடியவில்லை. அந்த ஃபான்ட்டில் அடிப்பதற்கான கீபோர்டு சாஃப்ட்வேர் வின்டோஸுக்கென்றே செய்தது, இதில் ஓடவில்லை. வரிகளும் நகர்ந்து விட்டன. ஸ்டாம்ப் பேப்பரில் முத்திரைக்குக் கீழே தொடங்க வேண்டிய விஷயம், முத்திரை மேலேயே ஏறி நின்றது. எப்போதும் வெள்ளைத் தாளில் ஒரு பிரதி எடுத்துப் பார்க்கும் பழக்கம் இருந்ததால் கட்சிக்காரரின் பத்திரத் தாள் தப்பியது.

சரி, இனி யூனிகோடு என்று இறங்கினேன். 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 கீபோர்டில், உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. 'அம்மா' என்று அடிக்கப் புள்ளியே தட்ட வேண்டாம், தானே விழுகிறது. புதிதாகக் கற்பவர்களுக்கு அருமையான ஏற்பாடு. என் மகள் இரண்டே வாரத்தில் பிடித்துக் கொண்டாள். எனக்கோ விரல் 'யளனக'வுக்கே ஓடுகிறது. லினக்ஸிலும் பழைய டைப்ரைட்டர் கீபோர்டைச் சேர்த்துக் கொள்ளலாம் என்பதை நானே துழாவித்தான் கண்டு பிடித்தேன். அதிலும் சில குறிகள் இடம் மாறியிருக்க, சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிக் கொண்டேன். பத்து நிமிடத்தில் முடியும் பக்கத்துக்கு அரை மணி ஆயிற்று. அந்த மாத வரும்படி 1,900 ரூபாய்.

எங்கள் வீட்டுக்காரர் லாரி டிரைவர். "புது வண்டின்னா கியர் பழக நாளாகத்தானே செய்யும்" என்றார். "நீங்க பழகுற நாளுக்கும் ஓனர் படி கொடுக்குறார். எனக்கு யாருங்க கொடுப்பா?" என்றேன். பேசாமல் இருந்து விட்டு, அந்த மாத டியூஷன் ஃபீஸை அவரே கட்டினார்.

ஆதாயமே இல்லை என்று சொன்னால் பொய். வாடிக்கையாளர் பென் டிரைவில் கூடவே வந்து படுத்தும் வைரஸ்கள் இதில் ஓடுவதில்லை. வாட்ஸ்அப்பில் தமிழில் அனுப்பும் மேட்டரை மறுபடி அடிக்க வேண்டாம், அப்படியே ஒட்டிக் கொள்ளலாம். பள்ளிக்கூட சார் ஒருவர் வினாத்தாளை இப்போது போனிலேயே அடித்து அனுப்பி விடுகிறார். அவருக்கு நான் 30 ரூபாய் கேட்க முடியுமா? 15 வாங்குகிறேன். அதையும் ஆதாயக் கணக்கில்தான் எழுதுவதா, தெரியவில்லை.

அச்சகத்துக்குப் போகும் கல்யாணப் பத்திரிகைகளுக்காகப் பழைய டிஸ்க்கை இன்றும் வைத்திருக்கிறேன், இன்டர்நெட் இணைப்பு கொடுக்காமல். மற்ற வேலையெல்லாம் லினக்ஸில். நல்ல யூனிகோடு ஃபான்ட்டுகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகவே தருகிறது. பழையதை யூனிகோடாக மாற்றும் கருவிகளும் சும்மா கிடைக்கின்றன. ஆனால் மாற்றிய பின் வரிக்கு வரி படித்தாக வேண்டும். டைப்ரைட்டரில் 'கௌ' அடிக்கக் கொம்பும் ககரமும் போட்டு, பக்கத்தில் 'ள'வைத்தானே தட்டினோம்? மாற்றினால் 'கௌரி' என்பவள் 'கெளரி' ஆகி விடுகிறாள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான். பெயர் போட்டுத் தேடினால் கம்ப்யூட்டர் "இல்லை" என்கிறது.

என்னிடம் ஆயிரத்துச் சொச்சம் பழைய ஃபைல்கள். தினம் மத்தியானம் பத்து வீதம் மாற்றி, இதுவரை 340 முடிந்திருக்கிறது. இந்தக் கௌரி சிக்கலுக்குச் சுலபமான வழி கண்ட தோழிகள் இருந்தால், இதே பகுதிக்கு எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, தஞ்சை மாவட்டம்