கையை விட்டால் விமானம் என்ன செய்யும்?

வண்டியூர் தெப்பக்குளத்தில் தைப்பூசத்தன்று மீனாட்சியம்மன் தெப்பம் மிதந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். வடத்தை வெடுக்கென்று இழுத்தால் தெப்பம் லேசாகச் சாயும். மறுகணம் தானே நிமிர்ந்துவிடும்.

ஆகாய விமானத்துக்கும் இந்தக் குணம் வேண்டும். காற்று மோதிச் சாய்த்தாலும் அது நிலைக்குத் திரும்ப வேண்டும். இல்லையேல் ஓட்டுபவர் பாடு திண்டாட்டம்தான்!

காகிதக் கணக்கு ஓரளவுதான் சொல்லும். மீதியை வானத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

ஊஞ்சல் ஆட்டம்

சோதனை விமானி முதலில் ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் பறப்பார். பிறகு கைப்பிடித் தடியைச் சற்று முன்னே தள்ளிவிட்டுக் கையை எடுத்துவிடுவார்!

மூக்கு தாழும், வேகம் கூடும். வேகம் கூடியதும் மூக்கு தானே எழும், வேகம் குறையும். மறுபடி தாழும். இந்த ஊஞ்சல் ஆட்டம் எத்தனை வினாடியில் அடங்குகிறது என்பதைக் கருவிகள் பதிவு செய்யும். ஆட்டம் சிறிதாகிக்கொண்டே வந்தால் நல்லது. பெரிதாகிக்கொண்டே போனால் எச்சரிக்கை!

அதேபோல் காலால் பெடலை இடமும் வலமும் மிதித்து வாலை ஆட்டிப் பார்ப்பதும் உண்டு.

தலைகீழ் மார்க்கு

ஓட்டுவது சுலபமா, சிரமமா? அதைக் கருவி சொல்லாது. விமானிதான் சொல்ல வேண்டும். இதற்காக அமெரிக்காவின் கூப்பர், ஹார்ப்பர் என்ற இருவர் 1969-ல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். 1 முதல் 10 வரை மார்க்கு. ஆனால் பள்ளிக்கூடத்துக்குத் தலைகீழ்! 1 என்றால் அருமை. 10 என்றால் கைக்கு அடங்காது.

பம்பரச் சுழல்

எல்லாவற்றிலும் கடுமையானது சுழல் சோதனை. வேகம் மிகவும் குறைந்தால் இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும். ஒரு பக்கம் அதிகமாக இழந்தால் விமானம் பம்பரம்போல் சுழன்றபடி விழும். ஆபத்துக்கு உதவ வாலில் ஒரு பாரசூட் பொருத்தியிருப்பார்கள்.

பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் எச்.ஜே.டி.-36 பயிற்சி விமானம் 2003-ல் முதன்முதலாகப் பறந்தது. 2011 ஏப்ரலில் அவற்றுள் ஒன்று, சோதனைப் பறப்பின்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விழுந்து நொறுங்கியது. இரு விமானிகளும் பாரசூட்டில் தப்பினர்.

இந்த ரக விமானத்துக்குச் சுழல் ஒரு தீராத தலைவலியாக இருந்தது. நிபுணர்கள் செங்குத்து வாலைப் பின்னுக்கு நகர்த்தினர், சுக்கானைப் பெரிதாக்கினர். 2019-ல் திருத்திய விமானம் பறந்தது. 2022 ஜனவரியில் வெற்றிச் செய்தி வந்தது: இடப்புறமும் வலப்புறமும் ஆறு சுற்றுச் சுழன்று விமானம் மீண்டது!

முதல் பறப்பிலிருந்து இதற்கு ஏறக்குறைய 19 ஆண்டுகள். ஆனாலும் வீண் அல்ல. நாளை ஒரு மாணவ விமானி கை தவறிச் சுழலில் விழுந்தாலும் உயிரோடு திரும்ப வேண்டும். அதற்காகத்தான் சோதனை விமானிகள் தெரிந்தே அதில் விழுந்து பார்க்கிறார்கள்.