பசியா, ஆசையா?

அன்பியக் கூட்டம் முடிகிறது. அந்த வீட்டு அம்மா தட்டுடன் வருகிறார். நெய் மணக்கும் கேசரி, இரண்டு வடை, பக்கத்தில் சர்க்கரை போட்ட தேநீர். மாவுச்சத்தைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லி மூன்று வாரம்தான் ஆகிறது. "ஒரு வாய்தானே ஃபாதர், ஒண்ணும் ஆகாது" என்கிறார் அன்போடு. மறுத்தால் அவர் மனம் வாடும். வாங்கினால் மூன்று வார முயற்சி வீணாகும். இந்தத் தர்மசங்கடம் பங்குத்தந்தையர்களாகிய நமக்கு மட்டுமல்ல, நம் பங்கு மக்களில் பலருக்கும் உண்டு.

நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு கூறியது. இந்தியர்கள் உணவிலிருந்து பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று 2025-இல் வெளிவந்த ஆய்வு தெரிவித்தது. காலையில் இட்லி, மதியம் சோறு, மாலையில் பிஸ்கட், இரவில் தோசை என்பதே நம் வழக்கம். எனவேதான் சோற்றைக் குறைத்து, காய்கறி, முட்டை, மீன், பயறு ஆகியவற்றைக் கூட்டுங்கள் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

சொல்வது எளிது. ஆனால் பக்கத்து வீட்டில் பிரியாணி மணக்கும்போது என்ன செய்வது? "ஃபாதர், சோற்றைப் பார்த்தாலே ஆசை வருகிறது. இது போசனப்பிரியம் என்ற தலையான பாவமா?" என்று சிலர் கவலையோடு கேட்கிறார்கள்.

இல்லை. ஆசை எழுவது பாவமன்று. நம் ஆண்டவரும் பாலைநிலத்தில் 40 நாள் நோன்புக்குப் பின் பசியை உணர்ந்தார். அவருக்கு வந்த முதல் சோதனையே அப்பத்தைப் பற்றியதுதான். எழுகின்ற ஆசையை நாம் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

முதலில் உடலில் நடப்பதைப் புரிந்துகொள்வோம். ஈரலிலும் தசையிலும் உடல் சர்க்கரையைச் சேமித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தைக் குறைத்ததும் அந்தச் சேமிப்பு கரைகிறது. அதோடு நீரும் உப்பும் வெளியேறுகின்றன. முதல் சில நாள்களில் தலைவலியும் சோர்வும் வருவதற்கு இது ஒரு காரணம். அந்தச் சோர்வில் உடல் தனக்குப் பழக்கமானதையே கேட்கிறது. போதிய நீர் அருந்துவதும், முட்டை, மீன், சுண்டல் போன்றவற்றை வேளை தவறாமல் வயிறு நிறைய உண்பதும் உதவும். சோற்றையும் குறைத்து, மற்ற உணவையும் குறைத்தால் தோல்வி நிச்சயம். அளவுக்கு மீறிய நோன்பும் அளவுக்கு மீறிய உணவும் ஒரே கேட்டில்தான் கொண்டுபோய் விடும் என்று 5-ஆம் நூற்றாண்டிலேயே துறவியர்க்கு எச்சரித்தார் யோவான் காசியான்.

அடுத்தது மனம். பசி வயிற்றில் தொடங்குகிறது. எந்த உணவானாலும் அடங்கும். ஆசையோ கண்முன் ஒரு படமாக வருகிறது. அந்த ஒரு பண்டத்தையே கேட்கிறது. பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுதார்கள். ஆனால் அங்கே பட்ட அடிமைத்தனம் அவர்கள் நினைவுக்கு வரவில்லை! ஆசை காட்டும் படம் எப்போதும் அப்படித்தான். லட்டுவைக் காட்டும், மறுநாள் பரிசோதனை முடிவைக் காட்டாது.

படமாக வருவதை வேறொரு படத்தால் விலக்கலாம். இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் இதைச் சோதித்தார்கள். மூன்று நிமிடம் 'டெட்ரிஸ்' என்ற கட்டை அடுக்கும் கணினி விளையாட்டை ஆடியவர்களுக்கு ஆசையின் வேகம் குறைந்தது. கண்ணும் மனமும் வேறிடத்தில் இருந்ததே காரணம். நாம் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், தெருவில் சற்று நடக்கலாம். மறையுண்மையைக் கண்முன் நிறுத்தி ஒரு பத்துமணி செபமாலை சொல்லலாம். அலைபோல எழும் ஆசை பெரும்பாலும் சற்று நேரத்தில் தானே தணியும்.

ஆனால் ஒரு முக்கியமான எச்சரிக்கை! இன்சுலின் போடுபவர்களும் சிலவகைச் சர்க்கரை மாத்திரை உண்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் மாவுச்சத்தைக் குறைக்கக் கூடாது. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் வந்தால் அது சோதனை அல்ல, இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்ததன் அடையாளம். அளவு 70-க்குக் கீழே போயிருக்கலாம். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். அந்த வேளையில் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதில் புண்ணியம் எதுவுமில்லை. உயிருக்கு ஆபத்துதான் உண்டு. நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர நோன்பிலிருந்தும் நோயாளருக்குத் திருச்சபை விலக்கு அளித்திருக்கிறது.

தவறிவிட்டால்? ஒரு லட்டுவைத் தின்றுவிட்டு, "போச்சு, இனி நாளைக்குப் பார்ப்போம்" என்று டப்பாவையே காலி செய்கிறோமே, அதுதான் பெரிய இழப்பு. ஒரு லட்டுவோடு நிறுத்தினால் அடுத்த வேளையே சரியான வழிக்குத் திரும்பிவிடலாம். விழுந்தவர் எழுவதற்கு நாளை வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒப்புரவு அருட்சாதனம் நமக்குக் கற்றுத்தரும் பாடமும் இதுதானே?

இறுதியாக, உபசரிக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. உண்ணச் சொல்வது அன்பு. "வேண்டாம்" என்பவரை வற்புறுத்தாமல் விடுவது அதைவிடப் பெரிய அன்பு. அவருடைய மறுப்பு நம்மை மறுப்பது அல்ல. தம் கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் காத்துக்கொள்ள அவர் போராடுகிறார். அடுத்த அன்பியக் கூட்டத்தில் கேசரிக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் சுண்டலும், சர்க்கரை போடாத தேநீரும் இருக்கட்டும். போராடுகிறவரைத் தனியே விடாமல் துணை நிற்போம்.