இலவச சாஃப்ட்வேருக்கு 100 கோடி டாலர்! மைஎஸ்க்யூஎல் கைமாறிய கதை

யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் டவுன்லோட் செய்யலாம். உள்ளே இருக்கும் கோடிங்கைப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். இப்படியொரு சாஃப்ட்வேரை உருவாக்கிய நிறுவனத்தை 2008-ல் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ். அடுத்த ஆண்டே சன் நிறுவனத்தை மொத்தமாக விலைக்குப் பேசியது ஆரக்கிள். அப்போது டேட்டாபேஸ் விற்பனையில் உலகின் முன்னணி நிறுவனமாக இருந்தது அதுதான்.

சும்மா கிடைக்கிற பொருளுக்கு இவ்வளவு விலையா? போட்டியாளரே வாங்கிவிட்டால் அதை இழுத்து மூடிவிட முடியுமா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் மைஎஸ்க்யூஎல் கதையில் இருக்கிறது.

டேட்டாபேஸ் என்ன வேலை செய்யும்?

ஒரு வெப்சைட்டில் நீங்கள் லாகின் செய்கிறீர்கள். உங்கள் பெயர், போன் நம்பர், பழைய ஆர்டர் எல்லாம் ஒரு நொடிக்குள் திரையில் வந்துவிடுகிறது. இந்தத் தகவல்களை அட்டவணைகளாக அடுக்கி வைத்து, கேட்டதும் எடுத்துக் கொடுப்பதுதான் டேட்டாபேஸ். உலகில் லட்சக்கணக்கான வெப்சைட்டுகள் இயங்கும் வேர்ட்பிரஸ் தகவல்களைச் சேமிப்பது மைஎஸ்க்யூஎல்லில்தான். ஃபேஸ்புக், யூடியூப், விக்கிப்பீடியா வளர்ந்ததும் இதை நம்பித்தான்.

பெயர் வந்தது மகளிடமிருந்து

1995-ல் ஸ்வீடனில் தொடங்கியது இந்தப் பயணம். பின்லாந்தைச் சேர்ந்த மிக்கேல் வைடனியஸ், ஸ்வீடனைச் சேர்ந்த டேவிட் ஆக்ஸ்மார்க், ஆலன் லார்சன் ஆகிய மூவர்தான் நிறுவனர்கள். 'மான்ட்டி' என்று அழைக்கப்படும் வைடனியஸின் மூத்த மகள் பெயர் மை. அந்தப் பெயரே சாஃப்ட்வேருக்கும் வந்தது.

அது இணையம் வேகமெடுத்த நேரம். பெரிய நிறுவனங்களின் டேட்டாபேஸ் வாங்க பெரும் பணம் வேண்டும். புதிதாக வெப்சைட் தொடங்கும் இளைஞர்களிடம் அது ஏது? எளிமையான, வேகமான, இலவசமான மைஎஸ்க்யூஎல் அவர்களுக்குக் கைகொடுத்தது. லினக்ஸ், அப்பாச்சி, பிஎச்பி ஆகியவற்றோடு சேர்ந்து வெப்சைட் கட்டுவதற்கான நான்கு தூண்களில் ஒன்றாக அது மாறியது.

இலவசமா கொடுத்துட்டு எப்படி சம்பாதிச்சாங்க?

2000-ல் ஜிபிஎல் என்ற உரிமத்தின் கீழ் மைஎஸ்க்யூஎல் வெளியானது. இந்த உரிமம் தாராளமானது, ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இந்தக் கோடிங்கை உங்கள் சாஃப்ட்வேரோடு இணைத்து மற்றவர்களுக்குக் கொடுத்தால், உங்கள் கோடிங்கையும் திறந்து காட்ட வேண்டும்.

சொந்த கோடிங்கைக் காட்ட விரும்பாத நிறுவனங்கள் என்ன செய்யும்? மைஎஸ்க்யூஎல் நிறுவனத்திடம் பணம் கட்டி, அந்த நிபந்தனை இல்லாத தனி உரிமம் வாங்கிக்கொள்ளும். இதைத்தான் 'இரட்டை உரிமம்' என்கிறார்கள். இதோடு, சிக்கல் வந்தால் உதவுவதற்கான ஆண்டுக் கட்டணமும் வருமானம் தந்தது.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தனி உரிமம் விற்கும் அதிகாரம் காப்புரிமை வைத்திருப்பவருக்கு மட்டுமே உண்டு. பின்னால் வெடித்த சண்டை முழுக்க இதைச் சுற்றித்தான்.

ஆரக்கிள் வைத்த முதல் செக்

ஒரு கணக்கிலிருந்து பணம் கழிந்தால், இன்னொரு கணக்கில் அது சேர வேண்டும். நடுவில் கரண்ட் போனாலும் கணக்கு தப்பக் கூடாது. மைஎஸ்க்யூஎல்லில் இந்த வேலையைச் செய்த முக்கியமான பகுதி இன்னோடிபி. ஆனால் அதை உருவாக்கியது மைஎஸ்க்யூஎல் நிறுவனம் அல்ல. பின்லாந்தின் இன்னோபேஸ் என்ற சிறிய நிறுவனம்.

2005 அக்டோபரில் அந்த இன்னோபேஸை ஆரக்கிள் வாங்கியது. மைஎஸ்க்யூஎல்லின் இதயம் போன்ற பகுதி போட்டியாளர் கைக்குப் போனது. அடுத்து மைஎஸ்க்யூஎல் நிறுவனத்தையே ஆரக்கிள் விலைக்குக் கேட்டது. அப்போது தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த மார்ட்டன் மிக்கோஸ் சம்மதிக்கவில்லை.

மறுத்தும் அதே கைக்குப் போனது எப்படி?

பங்குச்சந்தைக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில்தான் சன் வந்தது. ஜாவாவை உருவாக்கிய நிறுவனம், ஓப்பன் சோர்ஸ் பக்கம் சாய்ந்த நிறுவனம் என்பதால் பலரும் இதை நல்ல சம்பந்தமாகப் பார்த்தார்கள். 2008 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. பிப்ரவரியில் டீல் முடிந்தது.

ஆனால் அதே ஆண்டு உலகப் பொருளாதார நெருக்கடி வெடித்தது. ஏற்கெனவே தடுமாறிய சன் மேலும் சரிந்தது. 2009 ஏப்ரலில் சன் நிறுவனத்தை சுமார் 740 கோடி டாலருக்கு வாங்குவதாக ஆரக்கிள் அறிவித்தது. முன்பு 'முடியாது' என்று சொல்லப்பட்ட மைஎஸ்க்யூஎல், சன் வழியாக ஆரக்கிள் வீட்டுக்கே போய்ச் சேரும் நிலை.

ஐரோப்பாவில் விழுந்த முட்டுக்கட்டை

அமெரிக்க நீதித்துறை ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஐரோப்பிய ஆணையம் மட்டும் 2009 செப்டம்பரில் விரிவான விசாரணையைத் தொடங்கியது. போட்டி குறைந்துவிடுமோ என்பதுதான் அதன் கவலை. விசாரணை நீள நீள, சன் மாதத்துக்கு 10 கோடி டாலர் இழப்பதாக ஆரக்கிளின் லாரி எலிசன் புலம்பினார்.

சன் நிறுவனத்திலிருந்து வெளியேறியிருந்த மான்ட்டி இந்த டீலை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். 'நிறுவனத்தை விற்றுப் பணம் வாங்கியவர் இப்போது எதிர்ப்பதா?' என்ற விமர்சனமும் அவர் மீது வந்தது.

சுவாரஸ்யம் என்னவென்றால், ஓப்பன் சோர்ஸ் உலகமே இரண்டாகப் பிரிந்தது. ஜிபிஎல் உரிமத்தை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்த டீலை எதிர்த்தார். கோடிங்கை எடுத்து யாரும் புதிதாகத் தொடங்கலாம், ஆனால் தனி உரிமம் விற்கும் அதிகாரம் ஆரக்கிளிடம் மட்டுமே இருக்கும், அந்த வருமானம் இல்லாமல் புதியவர்கள் எப்படித் தாக்குப்பிடிப்பார்கள் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். ஸ்டால்மனோடு நெருக்கமாகப் பணியாற்றிய சட்ட வல்லுநர் எபன் மோக்லன் மறுபக்கம் நின்றார். இப்படி ஒரு நாள் வந்தாலும் கோடிங்கைக் காப்பாற்றத்தான் ஜிபிஎல் இருக்கிறது என்றார் அவர்.

2009 டிசம்பரில் ஆரக்கிள் 10 வாக்குறுதிகளை வெளியிட்டது. மைஎஸ்க்யூஎல் தொடர்ந்து ஜிபிஎல்லில் வெளிவரும் என்பது அதில் ஒன்று. 2010 ஜனவரி 21-ல் ஆணையம் பச்சைக்கொடி காட்டியது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் போன்ற வேறு ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ்களும் இருப்பதை அது கணக்கில் எடுத்துக்கொண்டது.

வாங்கியது எது? வாங்க முடியாதது எது?

பிரியாணி பக்குவத்தை ஊருக்கே சொல்லிக்கொடுத்த ஒரு கடையை ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர்ப்பலகை, அடுப்பு, கல்லாப்பெட்டி எல்லாம் அவருக்கே. ஆனால் பக்குவம் தெரிந்தவர் பக்கத்துத் தெருவில் கடை போட்டால் தடுக்க முடியாது. அந்தப் பழைய பெயரைத்தான் அவர் வைக்க முடியாது.

மான்ட்டி செய்தது இதைத்தான். மைஎஸ்க்யூஎல் கோடிங்கை எடுத்து 2009-ல் புதிய டேட்டாபேஸைத் தொடங்கினார். இளைய மகள் மரியாவின் பெயரில் அது மரியாடிபி ஆனது. 2013-ல் விக்கிப்பீடியா மரியாடிபிக்கு மாறியது. 2014-ல் ரெட்ஹேட் நிறுவனத்தின் லினக்ஸிலும் மைஎஸ்க்யூஎல் இருந்த இடத்துக்கு மரியாடிபி வந்தது.

இப்போ நிலைமை என்ன?

பயந்தது போல ஆரக்கிள் மைஎஸ்க்யூஎல்லை இழுத்து மூடவில்லை. 2010 டிசம்பரில் வந்த 5.5 பதிப்பில் இன்னோடிபியையே இயல்புநிலை ஆக்கியது. இலவசப் பதிப்பும் தொடர்கிறது. ஆனால் சில கூடுதல் வசதிகள் காசு கட்டுபவர்களுக்கு மட்டுமே.

மரியாடிபிக்கும் பாதை எளிதாக இல்லை. அதன் நிறுவனம் 2022-ல் நியூயார்க் பங்குச்சந்தைக்குப் போய், மதிப்பு சரிந்து, 2024-ல் கே1 என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. ஸ்டால்மன் தரப்பு கேட்ட 'வருமானத்துக்கு என்ன வழி' என்ற கேள்வி வீண் கேள்வி அல்ல என்பதை இது காட்டியது. அதே நேரத்தில், நிறுவனம் கைமாறிய பிறகும் மரியாடிபி கோடிங் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. மோக்லன் சொன்னதும் பொய்யாகவில்லை.

ஆகவே, நீங்கள் நம்பியிருக்கும் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரை யாரோ வாங்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். எந்த உரிமத்தில் வெளியானது? காப்புரிமை யார் கையில்? நிறுவனம் கைவிட்டால், அதைத் தொடர்ந்து பராமரிக்கும் ஆட்கள் வெளியே இருக்கிறார்களா?