இதழை விடுங்கள், நடுவைப் பாருங்கள்

பூவை நெருங்கிப் படமெடுக்க எந்த மேக்ரோ லென்ஸ் வாங்கலாம் என்று ரோகிணியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவ்வளவு செலவு வேண்டாம். சாந்தினி சௌக்கில் கேமராச் சாமான் விற்கும் குச்சா சௌத்ரி சந்தில் ‘ரிவர்ஸ் ரிங்’ கேளுங்கள். 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாக மாட்ட அது போதும்; துளையைக் கையால் திருகும் பழைய லென்ஸ் என்றால் உத்தமம். பூ கிட்டத்தட்ட நிஜ அளவிலேயே சென்சாரில் விழும்.

தொல்லையும் உண்டு. அந்த நெருக்கத்தில் எஃப் 8 வைத்தாலும் தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் 1 மி.மீ.தான். காற்று லேசாக அசைந்தால் போச்சு. அதனால் விடிந்ததும் லோதி தோட்டத்துக்குப் போய்விடுங்கள். அமிர்த உத்யானத்தில் (2023 வரை முகல் தோட்டம்) டூலிப் அழகுதான், ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு பூவின் முன் குந்தியிருக்க முடியாது.

காஸ்மாஸ் கண்ணில் பட்டால் விடாதீர்கள். எட்டு இதழை மறந்துவிட்டு நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஐந்து முனையுள்ள தனிப் பூ. ஓரத்தில் இருப்பவை முதலில் மலரும், பிறகு சுற்றுச் சுற்றாக உள்ளே. ஒவ்வொன்றிலும் மகரந்தப் பைகள் ஒட்டி ஒரு கருங்குழலாக நிற்கின்றன. மகரந்தம் அந்தக் குழலுக்குள்ளேயே உதிர்கிறது. கீழிருந்து வளரும் சூல்தண்டு, அம்மா இடியாப்ப அச்சில் மாவைத் தள்ளுவாளே, அப்படி அதை வெளியே தள்ளுகிறது. தன் மகரந்தம் தனக்கே ஒட்டாதபடி நுனியை மூடிக்கொண்டுதான் தள்ளும். வெளியே வந்தபிறகே நுனி இரண்டாகப் பிளந்து சுருளும். முதலில் ஆண், அப்புறம் பெண்.

அடுக்கு டாலியாவில் இந்த வேடிக்கையே இல்லை. இதழ் மேல் இதழ் வேண்டும் என்று நாம் ஆசைப்பட்டதில் நடுவிலிருந்த குட்டிப் பூக்களும் பட்டை இதழாகிவிட்டன. தேனீக்கு அங்கே என்ன வேலை? மலர்க் கண்காட்சியில் பரிசு மட்டும் அதற்குத்தான்! கிளிசரின் தெளித்துப் ‘பனித்துளி’ காட்டுகிறவர்களைக்கூட மன்னிக்கலாம். பாத்தியை மிதித்து, பூவைக் கிள்ளி, நிழலுக்குக் கொண்டுபோய்ப் படமெடுப்பவர்களை மாலி திட்டினால் நான் மாலி பக்கம். செடியிலேயே விட்டால் மறுநாளும் அதே பூவுக்கு வரலாமே. நேற்றுக் கருங்குழலாக நின்ற வரிசை நுனி பிளந்திருக்கும், கரு வளையம் ஒரு சுற்று உள்ளே நகர்ந்திருக்கும்.