கடைக்குப் பின்னால் உள்ள தொட்டியையும் கவனியுங்கள்



கடை வாசலைத் தெளித்துக் கோலம் போடுகிறோம். சரக்கை வரிசையாக அடுக்குகிறோம். பின்கட்டில் உள்ள செப்டிக் டேங்க் மட்டும் வழியும்வரை நம் நினைவுக்கு வருவதில்லை. வழிந்த பிறகு, "லாரி எங்கே கிடைக்கும்?" என்று ஓடுகிறோம். மதுரை கீழமாசி வீதியில் மொத்தப் பலசரக்கு வியாபாரம் செய்யும் நான், வசூலுக்காக நாலா பக்கத்து ஊர்களுக்கும் போய் வருபவன். அங்கே கடைக்காரர்கள் படும் பாட்டையும் நான் பட்ட பாட்டையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

தொட்டியில் கசடு அடியில் தங்கும். நுரையும் எண்ணெய்ப் பிசுக்கும் மேலே மிதக்கும். நடுவில் உள்ள நீர் உறிஞ்சு குழிக்குப் போகும். கசடு ஏற ஏற நீருக்கு இடம் குறைந்து, கசடே குழிக்குள் போய் அடைத்துக்கொள்ளும். ஆகவே 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுத்துவிட வேண்டும். வழியும்வரை காத்திருந்தால் குழியும் கெடும், செலவும் இரட்டிப்பாகும்.

லாரியை அழைக்குமுன் தொட்டியின் அளவை எடுங்கள். நீளம், அகலம், ஆழத்தை அடியில் அளந்து பெருக்கி, அதை 28 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ லிட்டர் கணக்கு வரும். 6 அடி நீளம், 4 அடி அகலம், 5 அடி ஆழம் என்றால் சுமார் 3,400 லிட்டர். வண்டியின் கொள்ளளவைக் கேட்டால் எத்தனை நடை என்பது தெரியும். பேரம் பேசவும் பிடி கிடைக்கும்.

அடுத்தது நிலத்தின் தன்மை. ஓர் ஊருக்குச் சரியான வண்டியும் நேரமும் இன்னோர் ஊருக்குச் சரிவராது.

கொடைக்கானல் போன்ற மலையூர்களில் பெரிய லாரி சந்துக்குள் திரும்பாது. டிராக்டர் டேங்கரோ சிறு வண்டியோ தேவை. இன்னொன்று: உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. கீழே இழுக்கும் ஆழத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அங்கே குறையும். பள்ளத்தில் உள்ள தொட்டி என்றால், ஹோஸ் நீளத்தையும் வண்டி நிற்கும் இடத்துக்கும் தொட்டிக்கும் உள்ள உயர வித்தியாசத்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அருப்புக்கோட்டை, சாத்தூர் பக்கத்துக் கரிசல் மண் நனைந்தால் உப்பி இறுகும். நீரை எளிதில் உறிஞ்சாது. மழையில் வண்டிச் சக்கரமும் புதையும். அங்கே பங்குனி, சித்திரையிலேயே வேலையை முடித்துவிடுவது நல்லது.

சோழவந்தான் போன்ற வயல் சூழ்ந்த ஊர்களில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும். அப்போது தொட்டியை ஒட்ட வறளவிட்டால் வெளிநீர் அழுத்திச் சுவர் விரியக்கூடும். கோடையில் எடுங்கள்.

ராமநாதபுரம் கடலோர மணலில் நீர் விரைவாக இறங்கிவிடும், வடிகட்டப்படுவது குறைவு. உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 60 அடி இடைவெளி வேண்டும்.

வண்டியை எங்கே தேடுவது? ஊராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். கல்யாண மண்டபம், பள்ளி விடுதி, பெரிய ஓட்டல் நடத்துவோரிடம் கேளுங்கள். அவர்கள் அடிக்கடி அழைப்பவர்கள். வண்டிக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: உரிமம் இருக்கிறதா? ஆள் இறங்காமல் எடுப்பீர்களா? கழிவை எங்கே கொட்டுவீர்கள்? ஓடையிலும் கண்மாயிலும் கொட்டுபவர் குறைந்த வாடகை கேட்பார். அந்தத் தண்ணீர் நம் வாடிக்கையாளர் வீட்டுக்கே திரும்பி வரும்.

இரண்டாவது கேள்வியை நான் ஒருமுறை கேட்கவில்லை. ஒரு தீபாவளி சமயம் என் குடோன் தொட்டி வழிந்தது. அவசரத்தில் கிடைத்த வண்டி வந்தது. அடியில் இறுகிய கசடை ஹோஸ் இழுக்கவில்லை. "ஆள் இறங்கினால்தான் முடியும், 500 ரூபாய் சேர்த்துக் கொடுங்கள் ஐயா" என்றார் வண்டிக்காரர். நானும் தலையாட்டிவிட்டேன். ஏணியில் பாதி இறங்கிய பையன் அப்படியே சாய்ந்தான். மேலே நின்றவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தான். 500 ரூபாய்க்கு ஒரு குடும்பத்தின் விளக்கை அணைக்கப் பார்த்தேனே என்ற உறுத்தல் இன்னும் போகவில்லை.

தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன் வாயுக்கள் தேங்கும், பிராணவாயு குறைந்துவிடும். அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது முதல் எச்சரிக்கை. வாயு மிகுந்தால் மூக்கு மரத்து அந்த நாற்றமும் தெரியாது. காப்பாற்ற இறங்குபவரும் உடன் மடிவதுண்டு. கசடு இறுகியிருந்தால் மேலிருந்தே தண்ணீரைப் பீய்ச்சி, நீண்ட கழியால் கலக்கி, பிறகு இழுக்கச் செய்ய வேண்டும். அரை நாள் கூடுதலாகும்; ஆகட்டும்.

பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விட முடியாத குற்றம் இது. "காண்டிராக்டர்தானே இறக்கினார்" என்று தப்ப முடியாது. நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது என்றே சட்டம் சொல்கிறது. இப்படி இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

நிறைவாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் உரிமம் பெற்ற வண்டிகளின் பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டி வைக்கட்டும். ஒரே தெருவில் உள்ள நாலைந்து கடைகள் சேர்ந்து ஒரே நாளில் வண்டியை அழைத்தால் வந்துபோகும் வாடகை பங்காகும். தொட்டியைச் சுத்தம் செய்த தேதியைப் பேரேட்டின் முதல் பக்கத்தில் குறித்து வையுங்கள். நம் கடைக்காக எந்த வீட்டுப் பிள்ளையும் அந்தக் குழிக்குள் இறங்க வேண்டாம்.