வலுவூட்டிய ஒயின்கள்: போர்ட், ஷெர்ரி, மதேரா

வலுவூட்டிய ஒயின் என்பது, திராட்சைச் சாறு நொதிக்கும்போதோ நொதித்து முடிந்த பின்னரோ, திராட்சையிலிருந்து வடித்த சாராயத்தைச் சேர்த்துச் செய்யப்படும் ஒயின் ஆகும். சாதாரண ஒயினில் ஆல்ககால் பெரும்பாலும் 11 முதல் 14 விழுக்காடு வரை இருக்கும். வலுவூட்டிய ஒயினில் அது 15 முதல் 22 விழுக்காடு வரை இருக்கும். போர்ச்சுகல் நாட்டின் போர்ட், அதே நாட்டுக்கு உரிய மதேரா தீவின் ஒயின், ஸ்பெயினின் ஷெர்ரி, சிசிலித் தீவின் மார்சாலா ஆகியவை இவற்றுள் பெயர் பெற்றவை.

போர்ச்சுகலுக்குச் சுற்றுலா செல்வோர் பலரும் போர்த்தோ நகரையும் டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கையும் பார்க்கிறார்கள். அங்குள்ள ஒயின் கிடங்குகளில் வழிகாட்டி, ரூபி, டானி, கொல்யேட்டா, வின்டேஜ் என்று பல பெயர்களை அடுக்குவார். கேட்பவருக்குத் தலை சுற்றும். இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எந்த வலுவூட்டிய ஒயினைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும். சாராயம் எப்போது சேர்க்கப்பட்டது? அதன் பிறகு அந்த ஒயின் எவ்வளவு காலம் காற்றோடு பழகியது? முதல் கேள்வி இனிப்பைச் சொல்லும். இரண்டாவது கேள்வி நிறத்தையும் மணத்தையும், திறந்த புட்டி எத்தனை நாள் தாங்கும் என்பதையும் சொல்லும்.

சாராயம் சேர்க்கும் நேரம்

திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் நுண்ணுயிர்கள் தின்று ஆல்ககாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. இதுவே நொதித்தல். ஆல்ககால் மிகும்போது அந்த ஈஸ்டே அதைத் தாங்க முடியாமல் செயலிழக்கிறது. ஆகவே பாதி நொதித்த சாற்றில் வலுவான சாராயத்தை ஊற்றினால் நொதித்தல் நின்றுவிடும். மாறாத சர்க்கரை சாற்றிலேயே தங்கிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பனஞ்சாறு நொதிக்காமல் இனிக்கும் பதநீராக இருப்பதும், தடவாவிட்டால் கள்ளாவதும் நமக்குத் தெரியும். அங்கே சுண்ணாம்பு செய்யும் வேலையை இங்கே சாராயம் செய்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. பதநீரில் போதை இல்லை. போர்ட்டில் சாதாரண ஒயினை விடவும் போதை மிகுதி.

போர்ட் செய்யும்போது, சர்க்கரையில் ஏறத்தாழ பாதி தீர்ந்த நிலையில், 77 விழுக்காடு ஆல்ககால் கொண்ட திராட்சைச் சாராயத்தைச் சேர்க்கிறார்கள். நான்கு பங்கு சாற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு சாராயம். நொதித்தலுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நாட்களே. அதற்குள் தோலிலிருந்து நிறமும் துவர்ப்பும் இறங்கியாக வேண்டும். அதனால்தான் லகார் எனப்படும் கருங்கல் தொட்டிகளில் ஆட்கள் வரிசையாக நின்று திராட்சையைக் காலால் மிதிக்கும் வழக்கம் வந்தது. சில தோட்டங்களில் இன்றும் உயர்ந்த வகை ஒயினுக்கு இப்படித்தான் மிதிக்கிறார்கள். மனிதப் பாதம் விதையை உடைக்காது. விதை உடைந்தால் கசப்பு ஏறும்.

ஷெர்ரியில் வரிசை மாறும். அங்கே சாறு முழுமையாக நொதித்து இனிப்பே இல்லாமல் போன பிறகுதான் பெரும்பாலும் சாராயம் சேர்கிறது. எனவே 'வலுவூட்டிய ஒயின் என்றாலே இனிக்கும்' என்று எண்ணிக்கொண்டு ஷெர்ரி கேட்பவர்களுக்கு, முதல் மிடறு அதிர்ச்சியாக இருக்கும்.

கடற்பயணமும் ஒரு சண்டையும்

ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் ஓயாத போர் நடந்த காலத்தில், ஆங்கிலேய வணிகர்கள் பிரெஞ்சு ஒயினுக்கு மாற்றாகப் போர்ச்சுகலை நாடினார்கள். 1703இல் ஏற்பட்ட மெத்துவன் உடன்படிக்கை, போர்ச்சுகீசிய ஒயினுக்கு இங்கிலாந்தில் குறைந்த வரியை உறுதி செய்தது. கப்பலில் போகும் ஒயின் கெடாமலிருக்கச் சிறிது சாராயம் ஊற்றுவது முதலில் வழக்கமாயிற்று. நொதித்தலின் நடுவிலேயே ஊற்றி இனிப்பை நிறுத்தும் முறை பிறகு படிப்படியாக நிலைபெற்றது.

வணிகம் பெருகியதும் கலப்படமும் பெருகியது. அதைத் தடுக்க 1756இல் போர்ச்சுகலின் அமைச்சர் பொம்பால் பிரபு, டோரோ பகுதிக்கு எல்லை வகுத்தார்; பின்னர் கருங்கல் தூண்கள் நடப்பட்டன. சட்டத்தால் எல்லை வகுக்கப்பட்ட உலகின் மிகப் பழைய ஒயின் பகுதிகளுள் இது ஒன்று. அந்தத் தூண்கள் சில இன்றும் நிற்கின்றன.

சாராயம் சேர்ப்பதை எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. டோரோ ஆற்றை முழுதும் அளந்து வரைபடம் தீட்டிய ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர் என்னும் ஆங்கிலேய வணிகர், நல்ல ஒயினைச் சாராயம் கெடுக்கிறது என்று 1844இல் துண்டுநூல் எழுதிப் பெரிய சச்சரவை எழுப்பினார். 1861இல், அவர் வரைபடமாக்கிய அதே ஆற்றில், வலேய்ரா என்னும் பாறைச்சுழியில் படகு கவிழ்ந்து இறந்தார். அதே படகில் இருந்த தோனா அந்தோனியா ஃபெரேய்ரா உயிர் தப்பினார். அவருடைய அகன்ற பாவாடை அவரை மிதக்க வைத்தது என்றும், ஃபாரஸ்டரை இடுப்பில் கட்டியிருந்த பொற்காசுகள் இழுத்துக்கொண்டன என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், வாதத்தில் வென்றது சாராயம்தான். இன்று சாராயம் சேராத டோரோ ஒயினும் தரமாகச் செய்யப்பட்டு, 'டோரோ' என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது. ஃபாரஸ்டர் கேட்டது ஏறத்தாழ இதைத்தான். பயணத்தில் இரண்டையும் சுவைத்து ஒப்பிடலாம்.

டோரோ பள்ளத்தாக்கு

இப்பகுதி 2001இல் யுனெஸ்கோவின் உலக மரபிடங்களில் சேர்க்கப்பட்டது. சிஸ்ட் என்னும் பலகை பலகையாகப் பிளக்கும் பாறையை உடைத்து, சுவர் எழுப்பி, மலைச்சரிவில் படிப்படியாகத் தோட்டம் அமைத்திருக்கிறார்கள். வேர் அந்தப் பிளவுகளில் ஆழமாக இறங்கி நீரைத் தேடும். மராவ் மலைத்தொடர் கடல் மழையைத் தடுப்பதால் கோடை கடுமையானது. நம் வெயிலுக்குப் பழகியவர்களுக்கும் ஆகஸ்டு மாதப் பகல் எளிதாக இராது. அறுவடை பெரும்பாலும் செப்டம்பரில். பார்க்கச் சிறந்த காலம் அதுவே, அறை கிடைப்பது கடினமான காலமும் அதுவே.

சரிவுகளில் ஆங்காங்கே கொடி இல்லாமல் புதர் மண்டிய பழைய படிகள் தெரியும். அவற்றை 'மோர்த்தோரியோ' என்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலோக்சரா என்னும் வேர்ப்பூச்சி கொடிகளை அழித்தபோது கைவிடப்பட்ட நிலங்கள் அவை. வழிகாட்டிகள் பலர் இதைக் காட்டாமல் கடந்துவிடுவார்கள். நீங்களாகக் கேட்டுப் பாருங்கள்.

போர்த்தோவிலிருந்து பின்யாவ் ஊர் வரை செல்லும் தொடர்வண்டி, வழியின் பிற்பகுதியில் ஆற்றை ஒட்டியே செல்கிறது. போகும்போது வலப்புற இருக்கை கிடைத்தால் ஆறு பக்கத்திலேயே வரும். பின்யாவ் நிலையத்தின் சுவர்களில் அறுவடைக் காட்சிகள் நீல ஓடுகளில் தீட்டப்பட்டுள்ளன.

பெயர்களும் காற்றும்

தோட்டத்தில் உருவான போர்ட்டை முற்காலத்தில் ரபேலோ என்ற தட்டையான படகுகளில் ஏற்றி, போர்த்தோவுக்கு எதிர்க்கரையிலுள்ள விலா நோவா டி காயாவின் கிடங்குகளுக்குக் கொண்டுவந்தார்கள். கடலோரக் குளிர்ச்சியில் ஒயின் மெதுவாக முதிரும். இப்போது சரக்கு லாரியில் வருகிறது. படகுகள் அழகுக்காகக் கரையில் நிற்கின்றன.

ரூபி என்பது பெரிய கலங்களில் காற்று அதிகம் படாமல் சில ஆண்டுகள் மட்டும் வைத்த இளம் போர்ட். செந்நிறம் மாறாது, பழமணம் தூக்கலாக இருக்கும். டானி சிறிய மரப்பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் இருப்பது. மரத்தின் நுண்துளைகள் வழியே காற்று உள்ளே புகுவதால் செந்நிறம் வெளுத்துப் பழுப்பாகும். உலர்பழம், வாதுமை, காய்ச்சிய வெல்லம் போன்ற மணம் வரும். புட்டியில் 10, 20, 30, 40 என்று எண்கள் இருக்கும். பல ஆண்டுகளின் ஒயினைக் கலந்து, அந்த வயதுக்குரிய தன்மையைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பொருள். ஒரே ஆண்டின் அறுவடையைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் பீப்பாயில் வைத்தால் அது கொல்யேட்டா.

வின்டேஜ் வேறு வழியில் போகிறது. மிகச் சிறந்த ஆண்டின் ஒயினை, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் புட்டியில் அடைத்துவிடுகிறார்கள். அது காற்றில்லாமல் புட்டிக்குள்ளேயே பல பத்தாண்டுகள் முதிரும். அடியில் கசடு தங்குவதால் தெளிய வைத்து இறுத்துத்தான் பரிமாற வேண்டும். இதற்குச் சற்று எளிய தம்பி எல்பிவி. அறுவடைக்குப் பின் நான்கு முதல் ஆறு ஆண்டுகளுக்குள் புட்டியில் அடைக்கப்படுவது, விலையும் குறைவு.

புதியவர்கள் விலை உயர்ந்த வின்டேஜை முதலில் கேட்பதுண்டு. என் கருத்தில் பத்தாண்டு டானியும் ஓர் எல்பிவியும் அருகருகே வைத்துச் சுவைப்பதே நல்ல பாடம். காற்று என்ன செய்கிறது என்பது இரண்டு கிண்ணங்களில் விளங்கிவிடும்.

ஷெர்ரி

தென் ஸ்பெயினின் ஹெரெஸ் நகரமும் அதை அடுத்த இரண்டு துறைமுக ஊர்களும் ஷெர்ரியின் தாயகம். வெள்ளைச் சுண்ண மண்ணில் விளையும் பலோமினோ திராட்சை இதற்கு உரியது. நொதித்து முடிந்த ஒயினை 15 விழுக்காடு அளவுக்கு வலுவூட்டி, பீப்பாயை முழுதும் நிரப்பாமல் விட்டால், மேலே பாலேடு போல் ஈஸ்ட் படலம் ஒன்று படரும். இதற்கு 'ஃப்ளோர்' என்று பெயர். படலம் காற்றைத் தடுப்பதால் ஒயின் வெளிர்நிறமாக, உப்புக்காற்றின் மணத்தோடு இருக்கும். இது ஃபினோ. 17 விழுக்காட்டுக்கு வலுவூட்டினால் படலம் வாழாது. காற்று நேரே பட்டு ஒயின் கருத்துவிடும். அது ஒலோரோசோ. முதலில் படலத்தின் கீழும், படலம் இறந்தபின் காற்றிலும் முதிர்வது அமோன்டியாடோ. இரண்டே விழுக்காடு வேறுபாட்டில் இரண்டு வேறு பானங்கள்! வெயிலில் உலர்த்திய திராட்சையிலிருந்து செய்யும் பெட்ரோ ஹிமெனெஸ் மட்டும் பாகு போல் இனிக்கும்.

ஷெர்ரிப் பீப்பாய்களை அடுக்கடுக்காக வைப்பார்கள். அடி அடுக்கிலிருந்து ஒரு பகுதியை எடுத்து விற்று, அந்தக் குறையை மேலடுக்கிலிருந்து நிரப்புவார்கள். பழையது புதியதற்கு உறை மோர் போல ஆகிறது. ஆகவே பெரும்பாலான ஷெர்ரிப் புட்டிகளில் அறுவடை ஆண்டு இராது.

மதேரா

அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள இத்தீவின் ஒயினுக்கு இந்தியாவோடு நேரடித் தொடர்பு உண்டு. இந்தியாவுக்கு வந்த கப்பல்கள் வழியில் இங்கே நின்று ஒயின் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டன. வெப்பமண்டலத்தைக் கடந்து, கப்பலின் அடித்தளத்தில் மாதக்கணக்கில் வெந்து திரும்பிய ஒயின், கெடுவதற்குப் பதில் சுவை கூடியிருந்தது. 'சுற்றிவந்த ஒயின்' என்னும் பொருளில் அதற்கு வின்யோ டா ரோடா என்று பெயர் வைத்துக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். பிறகு கப்பல் செய்த வேலையைக் கரையிலேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். எளிய வகைகளைக் குறைந்தது மூன்று மாதம் 45 முதல் 50 பாகை செல்சியஸ் வரை சூடேற்றுகிறார்கள். உயர்ந்த வகைகளைக் கூரையடிப் பரணில் பீப்பாயோடு பல ஆண்டுகள் வைத்துவிடுகிறார்கள். செர்சியால், வெர்தேல்யோ, போவால், மால்வசியா என்ற திராட்சைப் பெயர்களே இனிப்பு ஏறும் வரிசை.

மார்சாலா பெரும்பாலும் சமையலுக்குப் போய்விடுகிறது. வெர்மூத் மூலிகைகள் சேர்ந்த வலுவூட்டிய ஒயின், அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

இனிப்பு, வலுவை மறைத்துவிடும். 20 விழுக்காடு கொண்ட போர்ட் 75 மில்லிலிட்டரில் 15 மில்லிலிட்டர் ஆல்ககால் இருக்கிறது. 5 விழுக்காடு பீர் 300 மில்லிலிட்டரில் இருப்பதும் அதே அளவுதான். ஒரு கிடங்கில் 60 மில்லிலிட்டர் வீதம் மூன்று கிண்ணம் குடித்தால், முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான பீர் குடித்ததற்கு ஒப்பாகும். மாலைக்குள் இரண்டு மூன்று கிடங்குகள் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வாயில் வைத்துச் சுவைத்துவிட்டு அதற்கென வைத்திருக்கும் கலத்தில் துப்புவது அங்கே மரியாதைக் குறைவன்று.

போர்ச்சுகலில் வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்ககால் இருந்தாலே குற்றம். உரிமம் பெற்று மூன்று ஆண்டு ஆகாதவருக்கு 0.2 கிராம். பள்ளத்தாக்குச் சாலைகள் வளைவும் சரிவுமாக இருப்பவை. குடிக்காத ஒருவர் ஓட்ட வேண்டும், அல்லது தொடர்வண்டியில் போக வேண்டும்.

நோயிலிருந்து தேறுபவர்களுக்குப் போர்ட் கொடுக்கும் பழக்கம் ஆங்கிலேயரிடம் இருந்தது. 'அது டானிக் மாதிரி' என்ற பேச்சு நம்மிடையே இன்னும் கேட்கிறது. இதில் மருந்து ஒன்றும் இல்லை. ஒரு லிட்டர் போர்ட்டில் ஏறத்தாழ 100 கிராம் சர்க்கரை உண்டு. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களும் தூக்க மாத்திரை போடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். நம் ஊரில் 'ஒயின் ஷாப்' என்று எழுதியிருந்த கடைகளில் ஒயின் தேடுவது எப்படியோ, கோவாவில் 'போர்ட் ஒயின்' என்று மலிவாக விற்கும் இனிப்பு ஒயினில் போர்ட்டைத் தேடுவதும் அப்படியே. ஐரோப்பாவில் டோரோவில் விளைந்தது மட்டுமே அந்தப் பெயரைத் தாங்கலாம்.

வாங்கி வருவதானால் திறந்த புட்டி எத்தனை நாள் தாங்கும் என்று பாருங்கள். ஃபினோவைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் முடிக்க வேண்டும். பழைய வின்டேஜ் ஓரிரு நாளே நிற்கும். டானி சில வாரங்கள் தாங்கும். வெப்பத்தையும் காற்றையும் ஏற்கெனவே கண்டுவிட்ட மதேரா, பல மாதங்கள் ஆனாலும் கெடாது. இந்தியாவுக்குள் ஒருவர் தீர்வையின்றி 2 லிட்டர் வரை மது கொண்டுவரலாம். முக்கால் லிட்டர் புட்டியானால் இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அவற்றைக் கைப்பையில் வைக்காமல், துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்து அனுப்புங்கள்.